அப்பாவுக்கு மட்டும்

மூன்றாம் மாடிச் சாரத்தில் நின்று
காட்பாடிக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தேன்.
கயிறு வேறு முடிவெடுத்தது.
அதற்குப் பிறகு எங்கும் படிகள்தான்:
ரேஷன் கடைக்கு நாலு,
வங்கிக்கு ஏழு,
தாலுகா ஆபீசில் மனு வாங்கும் அறைக்குப் பதினெட்டு.
ஏறாதவனுக்குத்தான் சரியாக எண்ணத் தெரியும்.

கழிஞ்சூர் ஏரி நிரம்பிய கார்த்திகையில்
துலுக்காணம் வண்டியை நிறுத்திக் கேட்டாள்:
"யோவ் கன்னியப்பா, துடுப்புப் போட ஆள் வேணும்.
கால் வேணாம். கை போதும்."

ஆஸ்பத்திரித் தெரு லாட்ஜுகளில்
வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து
ரிப்போர்ட்டுக்குக் காத்திருப்பவர்கள்
குடித்துப் போட்ட பாட்டில்களை
ஆறு மாதமாய்ச் சேர்த்திருந்தாள்.
நானூற்றுப் பன்னிரண்டு.
ஒவ்வொன்றையும் மூடி திருகி
காதோரம் வைத்து அமுக்குவாள்.
மூச்சு விட்டால் தூர எறிவாள்.
"இது பொய் சொல்லுது."

ராணிப்பேட்டை ஷூ கம்பெனி
கழித்துப்போட்ட பட்டைகளோடு வந்தாள் ஷபீனா.
என் தொடையை இருக்கையோடு கட்ட அளவெடுத்தபோது
"வலிக்குதா அண்ணே?" என்றாள்.
வலித்தால் நன்றாக இருக்கும் என்றேன்.
ஊசி ஒரு கணம் நின்றது.
பிறகு ஒரு துளை தள்ளிக் குத்தினாள்.

துடுப்புக்கு, முதுகு உடைந்த பந்தல் நாற்காலியும்
பி.வி.சி. குழாயும்.
தளத்துக்கு, போன திருவிழாவின் ஃப்ளெக்ஸ்,
கவுன்சிலர் கைகூப்பியபடி.
மேலே உட்காரத் தயங்கி
கடைசியில் கவிழ்த்துப் போட்டோம்.
அவரும் ஏரியைப் பார்க்கட்டும்.

ஒரு பாட்டிலில் மட்டும்
மார்க்கர் பேனாவில் என்னவோ எழுத்து.
மேலே ஒரு கொடி, அதில் துணி காயப்போட்ட மாதிரி.
லாட்ஜ் பையன் பிமல் படித்தான்:
"காய்ச்சின தண்ணி. அப்பாவுக்கு மட்டும்."

யாருடைய அப்பா, எந்த வார்டு,
ஊர் திரும்பினாரா?
பிமல் தோளைக் குலுக்கினான்.
அந்தப் பாட்டிலைத் துலுக்காணம்
அமுக்கிப் பார்க்கவில்லை.
முன்வரிசையில் நடுவே கட்டினாள்.

பதிவு மேசையில் படகின் பெயர் கேட்டார்கள்.
"அப்பாவுக்கு மட்டும்" என்றாள்.
எழுதியவர் நிமிர்ந்து
குப்பை வண்டிக்காரி, ஷூ கம்பெனிப் பெண்,
வங்காளிப் பையன், சக்கர நாற்காலி
என்று வரிசையாகப் பார்த்தார்.
"இதில் அப்பா யாரு?"
வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

தூக்கி வைத்துக் கட்டினார்கள்.
நாற்காலி கரையில் தனியாக நின்றது
யாரோ மறந்துவிட்டுப் போன சாமான் போல.
தண்ணீருக்கு அதைத் தெரியவில்லை.
தண்ணீருக்கு என் தோள்கள்தான் தெரிந்தன.

பிமல் எண்ணினான்: ஏக், துய், தின்.
ஷபீனா எண்ணினாள்: ஏக், தோ, தீன்.
ஒன்றில் எல்லோரும் சேர்ந்து இழுத்தோம்.
இரண்டில் பிரிந்தோம்.
துய்க்கும் தோவுக்கும் நடுவில்
ஆகாயத்தாமரையில் என் துடுப்பு சிக்க,
துலுக்காணம் எண்ணவில்லை, திட்டினாள்.
திட்டில்தான் தாளம் சரியானது.

முக்கால் தூரத்தில்
பக்கத்து மிதவையின் கட்டு விட்டுப்போய்
ஏரி முழுக்கப் பாட்டில்.
காலேஜ் பையன்கள் நீந்திக் கரையேறி
செல்போனைத் துடைத்தார்கள்.
"திருப்பு" என்றாள் துலுக்காணம்.
"எல்லைக்கோடு அங்கே இருக்குதே!"
"நாளைக்கி இதைப் பொறுக்கறது யாரு, உங்கொப்பனா?"

திருப்பினோம்.
ஜெயித்தவர்களுக்குக் கைதட்டல் கேட்டபோது
என் மடியில் முப்பது பாட்டில்.
கோப்பையும் பிளாஸ்டிக்தான் என்று
பிறகு சொன்னார்கள்.

இருட்டில் படகை அவிழ்த்தோம்.
ஏழு பாட்டில் பொய் சொல்லியிருந்தது.
வங்காள எழுத்தும் அதில் ஒன்று.
கழுத்துவரை ஏரி.
கொட்டப் போன பிமலின் கையைத்
துலுக்காணம் பிடித்துக்கொண்டாள்.

மூடியை இன்னொரு சுற்று திருகி
என் நாற்காலியின் பக்கப்பையில் செருகினாள்.
வீடு வரை அது
தளும்பிக்கொண்டே வந்தது.